தாயில்லாத பிறந்த வீடு

எட்டாம் மாதத்தில் பெண்ணை வழியனுப்பக் கூடாது என்று மாமியார் என்னை ஓமலூரிலேயே நிறுத்திக்கொண்டார். ஒன்பது பிறந்ததும் அப்பா அழைக்க வந்துவிட்டார். அம்மா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தாயில்லாத வீடு தலைப்பிரசவம் பார்க்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். மாட்டேன் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ், நாமக்கல் போகும் வழியில் ஓர் ஏற்றத்தில் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த எனக்குப் பனிக்குடம் உடைந்து சேலை நனைந்தது.

"இன்னுங் கொஞ்ச தூரந்தான் சாமி, பல்லைக் கடிச்சுக்கோ" என்று அப்பா அழுதார்.

என் அலறல் கேட்டு, கடலைக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த ஒருத்தி ஓடிவந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஊட்டுல உன்ற அம்மா காத்துட்டு இருக்கறாங்களா?"

"அம்மா இல்லீங்க. செத்துப் போயிட்டாங்க."

"அப்பறம் எந்த ஊட்டுக்குச் சாமி இப்படி ஓடறே? எறங்கு."

அப்பா தடுத்தார். அவர் கையை உதறிவிட்டு இறங்கினேன்.

அவள் குடிசையில், அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் என் மகளைப் பெற்றேன். வலியில் நான் "அம்மா" என்று கத்தியபோதெல்லாம், "இங்கதான் இருக்கறேன் சாமி" என்றாள். அம்மா போன பிறகு அந்தக் கூப்பிடலுக்குப் பதில் வந்தது அன்றுதான்.