மூன்று ஜோடியிலும் அவள்

எங்கள் நாடகக் குழுவில் அவளை எல்லோரும் ஜோடியக்கா என்றுதான் கூப்பிடுவோம். முப்பது வருஷம் ஒரே நாடகத்தில் நடித்தவள். பழைய சிரிப்பு நாடகம். அதில் மூன்று காதல் ஜோடிகள்: சின்ன எஜமானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும், வேலைக்காரனும் வேலைக்காரியும், சிடுமூஞ்சிப் பெரியப்பாவும் வாயாடி விதவையும். கடிதங்கள் கைமாறி, ஆள் தெரியாமல் வேறு ஆளிடம் காதலைச் சொல்லி, கடைசிக் காட்சியில் மூன்று ஜோடியும் ஒழுங்காகக் கைகோத்து நிற்கும். ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

இருபத்திரண்டு வயதில் அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணாக மேடையேறினாள். சின்ன எஜமானாக நடித்தவரையே நிஜத்திலும் கட்டிக்கொண்டாள். வயது ஏறியதும் இருவரையும் வேலைக்காரன், வேலைக்காரி வேஷத்துக்கு மாற்றினார்கள். கதாநாயகியாகப் புதிதாக ஒரு பெண் வந்தாள். ஒரே வருஷத்தில் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுக்கிறவன். "வேற குழுவுக்குப் போயிடுங்களேன், அக்கா" என்றேன்.

"இதை விட்டா எனக்கு என்னடா தெரியும்? வயித்துக்கு யாரு பதில் சொல்றது?" என்று முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டாள்.

அன்று மாலை மேடையில் அவர் மண்டியிட்டு, "உன்னைத் தவிர எவளையும் ஏறெடுத்துப் பாக்க மாட்டேன்" என்றார். வசனம்தான். அவள் துடைப்பத்தால் ஒன்று வைத்தாள். அதுவும் நாடகத்தில் உள்ளதுதான். ஆனால் அன்று விழுந்த அடியில் அவர் தோள் கன்றிப்போனது. அரங்கமே கைதட்டியது.

இப்படியே பதினோரு வருஷம். பிறகு இருவருக்கும் பெரியப்பா, விதவை வேஷம் வந்தது. அதற்குள் அந்தப் பெண் வேறு ஊர்க் குழுவில் சேர்ந்துவிட்டாள். அவரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஒப்பனை அறை வாசலில் வந்து நின்றார்.

"திரும்பி வந்துடட்டுமா?"

"மேடைக்கு வாங்க. வீட்டுக்கு வேண்டாம்."

கொஞ்ச நாளில் அவருக்கு மறதி தொடங்கியது. நான் எடுத்துக்கொடுத்தாலும் வசனம் வராது. அவளே முந்திக்கொண்டு, "என்ன, என்னைக் கட்டிக்கிறியான்னு கேக்கத்தானே வந்தீங்க?" என்பாள். அவர் தலையாட்டுவார். அதுதான் நகைச்சுவை என்று ஜனம் சிரிக்கும்.

ஒரு நாள் அரங்கத்துக்கு வரும் வழியே மறந்து, பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தார். கவனிக்க ஆளில்லை என்று ஒரு முதியோர் விடுதியில் சேர்த்தோம். படிவத்தில் "உறவு" என்ற இடத்தில் அக்காவின் பேனா வெகுநேரம் நின்றது. கடைசியில், "கூட நடித்தவர்" என்று எழுதினாள்.

ஒவ்வொரு விடுமுறையிலும் போய்ப் பார்த்தாள். நானும் ஒரு முறை கூடப் போனேன். அவர் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, "அவ வந்தாளா?" என்றார். கதாநாயகிப் பெண்ணைத்தான் கேட்டார்.

"வந்துட்டிருக்கா" என்று சொல்லி அவர் போர்வையைச் சரிசெய்தாள். திரும்பும் வழியில் பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மழைக்காலத்தில் அவர் இறந்தார். அன்றும் நாடகம் இருந்தது. புதிய பெரியப்பாவோடு நடித்தாள். ஒரு வசனமும் பிசகவில்லை. நாலு மாதம் கழித்து, "முழங்கால் ஒத்துழைக்கலைடா" என்று நடிப்பதை நிறுத்திக்கொண்டாள்.

இப்போது தங்கை வீட்டு மாடியறையில் இருக்கிறாள். பார்க்கப் போனால் நாடகப் பேச்சே எடுப்பதில்லை. மருந்துக்கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று மட்டும் கேட்பாள்.