மூக்குக்கு மட்டும் ஒரு மருத்துவ அட்டை

ஒரு விடுகதை. பசியோடு வருபவனுக்கு அங்கே சோறு கிடையாது. வயிறு நிறைந்தவனை மட்டும் வாசலில் நின்று கூவி அழைப்பார்கள். அது என்ன கடை?

விடை: மருத்துவக் காப்புறுதி. அந்தக் கடை வாசலில் இருபது வருடமாகப் பினாங்கு ஜார்ஜ்டவுனில் நின்று கூவுகிற முகவன் நான். ‘உங்களுக்கு ஏற்கெனவே நோய் உண்டா?’ என்ற கேள்வி வந்ததும் பேனாவைக் கீழே வைத்தவர்தானே நீங்களும்? உங்களுக்காகத்தான் சுங்கை பினாங் சரோஜாவின் கதை.

சரோஜாவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். அவள் வேலை செய்யும் தொழிற்சாலை ஆறு மாதத்தில் மூடப்போகிறது. அது கொடுத்த மருத்துவக் காப்புறுதி அட்டையும் அதோடு போய்விடும். போன வருடம் கால் புண்ணோடு பதினோரு நாள் மருத்துவமனையில் கிடந்தவள் அவள். அட்டை இல்லாமல் இருக்க முடியாது.

ஒன்றும் இல்லை

படிவத்தோடு அவர்களுடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். நான் கேட்டது சரோஜாவை. பதில் சொன்னது லாரி ஓட்டும் அவள் கணவர் சுகுமாரன்.

“இனிப்பு நீர்?” “இல்ல.” “பிரஷர்?” “இல்லவே இல்ல.” தேநீர்க் கோப்பையை வைக்க இடமில்லாமல் மேசை முழுக்க மாத்திரைப் பெட்டிகள். நான் அவற்றைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். மறைத்து வாங்கிய அட்டை, படுக்கையில் விழும் அன்று செல்லாது என்று நிதானமாக விளக்கினேன். சுகுமாரன் மாத்திரைப் பெட்டிகளை ஓரமாகத் தள்ளினார். “நோயெல்லாம் ஒன்னும் இல்லண்ணே. மருந்து மட்டும்தான் சாப்பிடுறா.”

வெறும் வயிறு

அடுத்த வாரம் இரத்தப் பரிசோதனை. காலையில் எதுவும் சாப்பிடாமல் வரவேண்டும் என்று மூன்று முறை சொன்னேன். சரோஜா மூன்று முறையும் தலையாட்டினாள்.

கிளினிக்கில் வந்த சர்க்கரை அளவைப் பார்த்துத் தாதி கருவியைத் தட்டிப் பார்த்தார். பழுது கருவியில் இல்லை. “என்னம்மா சாப்பிட்ட?” என்றேன்.

“சோத்தத் தொடவே இல்லண்ணே. வெள்ளிக்கிழமை விரதத்துக்கு எப்படியோ அப்படித்தான். ரெண்டு வாழைப்பழம், ஒரு கிளாஸ் பால். சீனி போடாத பால எப்படிண்ணே குடிக்கிறது?”

கடிதம்

மறுநாள் உண்மையிலேயே பட்டினியோடு வந்தாள். அளவு குறைந்திருந்தது, ஆனால் போதுமான அளவுக்குக் குறையவில்லை. நிறுவனம் பதில் அனுப்பியது. சரோஜாவைச் சேர்த்துக்கொள்வார்களாம், இனிப்பு நீரையும் அதனால் வருவதையும் சேர்க்க மாட்டார்களாம்.

நான் வாசித்தேன். கண், சிறுநீரகம், இதயம், நரம்பு, கால். ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் சரோஜா அந்த இடத்தைத் தொட்டுக்கொண்டே வந்தாள். வாசித்து முடித்தபோது அவள் விரல் மூக்கில் வந்து நின்றது.

“அப்ப இதுக்கு மட்டும் மாசா மாசம் கட்டணுமாண்ணே?”

கேக்

வேறொரு நிறுவனத்தைப் பிடித்தேன். கட்டணம் கொஞ்சம் கூடுதல், ஆனால் இனிப்பு நீரையும் சேர்த்துக்கொள்வார்கள். மூன்று மாதம் கழித்து எடுக்கும் பரிசோதனையில் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சரோஜா லிஃப்டை மறந்தாள். ஏழு மாடியும் படிதான். கோப்பியில் சீனி நின்றது. வீட்டில் எல்லோருக்கும் நின்றது.

நீங்கள் கவலைப்படுகிறவர்கள், அதனால் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: அட்டை வந்துவிட்டது, கண் கால் எல்லாம் அடக்கம். ஆனால் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு எங்களில் யாருக்கும் அது தெரியாது. பரிசோதனை திங்கட்கிழமை. மகள் யாழினிக்கு ஒன்பதாவது பிறந்த நாள் ஞாயிற்றுக்கிழமை. திங்கள் காலை பால், பழம் உட்பட எதுவும் கூடாது என்று நினைவூட்ட நான் சனிக்கிழமை போயிருந்தேன்.

“கேக் வீட்டுக்குள்ள வந்தா என் கை சும்மா இருக்காதுண்ணே,” என்றாள் சரோஜா.

“அடுத்த வாரம் கொண்டாடலாம்லா,” என்றார் சுகுமாரன்.

“அடுத்த வாரம் நான் பொறக்கலப்பா,” என்றாள் யாழினி.

சுகுமாரன் கைப்பேசியில் கேக் கடைப் பட்டியலைத் திறந்து அவளிடம் நீட்டினார். சாக்லெட், பண்டான், ஐஸ்கிரீம். “நீ எது வேணுமோ எடு. அம்மாவ அன்னிக்குப் பக்கத்து வீட்டுல வச்சுப் பூட்டிரலாம்.”

யாழினி பட்டியலைக் கடைசி வரை பார்த்துவிட்டு, அம்மாவும் கூட உட்கார்ந்து சாப்பிட அவித்த முட்டை போதும் என்றாள்.