மலையை எதிர்த்த படை

என் வீட்டுப் பல்கனியில் ஒரு தகரக் கேடயம் சாய்ந்து நிற்கிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக் கூரையிலிருந்து கழற்றிய பழைய தகரம். வட்டமாக வெட்டி, நெளிவுகளைச் சுத்தியலால் தட்டி ஓரளவு சமப்படுத்தி, வெள்ளிப் பூச்சு அடித்திருக்கிறார்கள். கூரையில் இருந்தபோது ஆணி அடித்த துளைகள் அப்படியே இருக்கின்றன. டிவியில் பார்த்தால் அவை அம்பு துளைத்த இடங்கள் என்று நினைப்பீர்கள். அப்படி நினைக்கட்டும் என்றுதான் கலை இயக்குநரும் அவற்றை அடைக்காமல் விட்டார். கொழும்பில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறவனுக்குக் கேடயத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனாலும் வீடு மாறும்போதெல்லாம் இதையும் தூக்கிக்கொண்டு போகிறேன். மழை விழுந்தால் இதிலிருந்து எழும் சத்தம் மட்டும் எங்கள் ஊர் மழையின் சத்தம். சில நாட்களாக இங்கேயும் விடாமல் பெய்கிறது.

இதை எனக்குத் தந்தவர் ஒரு டீச்சர். எனக்குப் படிப்பித்தவர் அல்ல. டயகமப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்று, அதற்குப் பிறகு புனைபெயரில் ஒரு மாயக்கதை நாவல் எழுதியவர். மலைநாட்டு அரசு, பேசுகிற ஆறு, பனிக்குள் ஒளிந்திருக்கும் நகரம் என்று எல்லாம் அதில் உண்டு. அந்த நாவலைத் தொலைக்காட்சித் தொடராக்க ஒரு நிறுவனம் முன்வந்தபோது, போர்க் காட்சிகளைத் திரைக்கு எழுதும் வேலை என்னிடம் வந்தது. நான் ஹட்டனில் பிறந்தவன், ஆகவே மலையைப் பற்றி எனக்குத் தெரியும் என்பது அவர்களுடைய எண்ணம். போரைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேலை போயிருக்கும், நானும் வாயைத் திறக்கவில்லை.

நாவலைப் படித்துவிட்டு விழித்தேன். போர் இருக்கிறது, எதிரிப் படை இல்லை. எதிரி ஒரு மலை. மழைக்காலத்தில் ஒரு விடியலில் அது எழுந்து நடந்து வருகிறது. அடிவாரத்தில் குடியிருக்கும் படை, வில்லும் வேலும் ஏந்தி அதை மறித்து நிற்கிறது. ஒவ்வொருவராக மண்ணுக்குள் போகிறார்கள். ஒருவர் போகும்போதெல்லாம் அவருடைய பெயர் சொல்லப்படுகிறது. சிவனு, மாரியாயி, பொன்னையா. மன்னர் காலத்துக் கதையில் இதென்ன, வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுக் களத்துப் பெயர்கள் என்று எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

அதைக் கேட்கத்தான் முதல்தடவை அவரைப் பார்க்கப் போனேன். லயத்தின் கடைசி வீடு. பிளேன்டீயை ஊற்றி என் கையில் கொடுத்துவிட்டு, எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். என் கேள்விக்கு அவர் பதில் சொன்ன விதத்தில் அழுகையோ தழுதழுப்போ இல்லை.

"அதெல்லாம் எங்க பழைய லயத்து ஆளுங்க, தம்பி. மண்சரிவுல போனவங்க. கடைசி வரைக்கும் நிக்கிற வில்லுக்காரி இருக்கா பாருங்க, லெட்சுமி, அது என் தங்கச்சி."

மண் சரிந்த அன்று காலை பரீட்சை வேலை இருந்ததால் டீச்சர் நேரத்தோடு பாடசாலைக்குப் போயிருக்கிறார். திரும்பி ஓடி வந்தபோது லயம் இருந்த இடத்தில் சரிவுதான் இருந்தது. கொஞ்ச நாள் தோண்டினார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். தங்கையை எடுக்கவேயில்லை. இப்போது அங்கே மானாப்புல் இடுப்பளவு வளர்ந்து கிடக்கிறது. இன்னார் இங்கே இருந்தார்கள் என்று சொல்ல ஒரு கல்கூட இல்லை. நடந்ததை நடந்தபடியே எழுதியிருக்கலாமே என்று கேட்டேன். எழுதிப் பார்த்தாராம், போடுவதற்கு ஆள் கிடைக்கவில்லையாம். "ராஜா, படைன்னு எழுதினதும் கொழும்புல இருந்து தேடிக்கிட்டு வந்துட்டீங்க பாத்தீங்களா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். புறப்படும்போது வாசல் வரை வந்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"சண்டைய எப்படி வேணும்னாலும் மாத்திக்கோங்க. பேர மட்டும் சத்தமா கூப்பிட்டுருங்க."

சரி என்றேன். அந்தச் சரிக்குப் பின்னால் எனக்கு எந்த அதிகாரமும் இல்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

நிறுவனத்தின் கூட்டங்களில் அந்தப் போர் துண்டு துண்டாக உருமாறியது. மலைக்கு முகம் இல்லையே, யாரைப் பார்த்து வாளை ஓங்குவது என்று சண்டைப் பயிற்சியாளர் கேட்டார். அவர் பக்கத்தில் நியாயம் இருந்தது. ஆகவே கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு ஒரு எதிரிப் படை வந்தது. படை வந்ததும் குதிரை வந்தது. குதிரை வந்ததும், இவ்வளவு செலவழித்துவிட்டுத் தோற்பதா என்ற கேள்வி வந்தது, கதாநாயகன் ஜெயித்தான். பெயர்கள் வேகத்தைக் கெடுக்கின்றன என்றார்கள். நான் வாதாடிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். சொன்னபடி எழுதாவிட்டால் எழுதுவதற்கு வேறு ஆள் இருந்தார்.

ஒரே ஒரு காட்சி தப்பியது. போர் முடிந்த பிறகு தளபதி தப்படிக்கச் சொல்லி, தோட்டத்தில் காலையில் ஆள் கூட்டுவதுபோலவே பெரட்டுக் கூட்டி, ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறான். யாரும் பதில் சொல்வதில்லை. நாவலில் போர் அப்படித்தான் முடிகிறது. குதிரை வேண்டாம், கம்ப்யூட்டர் வேலை வேண்டாம், ஒருவன் நின்று பெயர் சொன்னால் போதும் என்பதால் இயக்குநர் ஒத்துக்கொண்டார். மலிவாக இருந்ததால் பிழைத்த காட்சி அது.

படப்பிடிப்பு டயகமப் பக்கத்திலேயே நடந்தது. படைவீரர்களாக நின்றவர்கள் சுற்றுவட்டத் தோட்டங்களின் ஆட்கள். பாதிப்பேர் அந்தப் பழைய லயத்தோடு போனவர்களின் சொந்தக்காரர்கள் என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் தெரியும். காயம்பட்ட படையாக, தகரக் கேடயங்களோடு வரிசையில் நிறுத்தினார்கள். தப்பு முழங்கியது. கொழும்பிலிருந்து வந்த நடிகர் கம்பீரமாக முதல் பெயரைக் கூப்பிட்டார்.

"சிவனு!"

வரிசையிலிருந்து ஒரு நடுவயதுக்காரர் உடனே குரல் கொடுத்தார். "பின்னால வாராங்க!"

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அன்றைய வேலை போய்விடும், வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் முன்னால் போனவர் பிந்தி வருகிறவருக்காகப் பதில் சொல்லிவிடுவார். புருஷனுக்குப் பெண்சாதி சொல்வாள், தங்கைக்கு அக்கா சொல்வாள். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. பதில் சொன்னவர் வெட்கப்பட்டு, வாய்ப்பழக்கம் என்று மன்னிப்புக் கேட்டார். சிவனு அவருடைய அண்ணன் என்று பிறகு சொன்னார்கள்.

செத்தவர்கள் பதில் சொல்ல மாட்டார்கள் என்று இயக்குநர் விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுபடி தப்பு முழங்கியது. சிவனுவுக்கு அமைதி. மாரியாயி என்று கூப்பிட்டதும் ஒரு பெண் குரல், "பின்னால வாராங்க." அதன்பிறகு சிரிப்பு இல்லை. எத்தனை தடவை எடுத்தும் யாரோ ஒருவர் பதில் சொன்னார்கள். தெரியாமல் சொன்னார்களா, தெரிந்தே சொன்னார்களா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. இவர்களிடம் பேசுங்கள் என்று இயக்குநர் என்னை ஏவினார். நான் போய் அவர்கள் முன்னால் நின்றேன். அப்படியே திரும்பி வந்தேன்.

கடைசித் தடவை நடிகர் சலிப்போடு எல்லாப் பெயர்களையும் ஒரே மூச்சில் கூப்பிட்டு முடித்தார். லெட்சுமி என்றபோது வரிசையில் யாரும் வாய் திறக்கவில்லை. அவளுக்குச் சொல்ல அந்த வரிசையில் சொந்தம் இல்லை. படப்பிடிப்பைப் பார்க்க வந்து, கமராவுக்குப் பின்னால் என் பக்கத்தில் நின்ற டீச்சர்தான் அந்தப் பதிலைச் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் மைக்கில் விழுந்துவிட்டது. இயக்குநர் தொப்பியைக் கழற்றி எறிந்தார். அதற்குள் பனியும் இறங்கி, மழையும் பிடித்துக்கொண்டது.

எல்லோரும் லொறியைப் பார்த்து ஓடினோம். டீச்சர் ஒரு கேடயத்தைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு, என்னையும் அதற்குள் இழுத்துக்கொண்டார். மழை தகரத்தில் அடித்த சத்தத்தில் அவர் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"நான்தான் தப்பா எழுதிப்புட்டேன், தம்பி. யாரும் பதில் சொல்லலன்னு எழுதிப்புட்டேன். இவங்க சொன்னதுதான் சரி. இத அப்படியே வச்சிருங்க."

பார்க்கிறேன் டீச்சர் என்றேன். லொறியில் ஏறும்போது கேடயத்தை என் கையில் திணித்து, கொழும்பில் மழைக்குப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

அந்தக் காட்சி ஒளிபரப்பாகவில்லை. பதில் குரல்களை நீக்கிப் பார்த்தார்கள், ஒட்டவில்லை, முழுதாகவே வெட்டிவிட்டார்கள். படத்தொகுப்பு அறையில் நானும் இருந்தேன். என் பேச்சை அங்கே யார் கேட்டார்கள். போர்ப் பகுதி ஒளிபரப்பான அன்று லயத்துச் சனம் எல்லாம் ஒரே வீட்டில் கூடி உட்கார்ந்து, பெயர் வரும் வரும் என்று கடைசிவரை பார்த்திருக்கிறார்கள். டீச்சரை அழைப்பதற்கே எனக்குப் பயமாக இருந்தது. அழைத்தேன். "குதிரையெல்லாம் நல்லா ஓடிச்சு, தம்பி" என்றார். திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அதன்பிறகும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பேசிக்கொண்டோம். தொடரைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

இந்த மழையில் மலைப்பக்கம் பல இடங்களில் மண் சரிந்திருக்கிறது. முந்தாநாளிலிருந்து டீச்சரின் தொலைபேசி வேலை செய்யவில்லை. ஹட்டனில் தெரிந்தவர்களைக் கேட்டேன்; டயகம ரோடு பல இடங்களில் மூடியிருக்கிறது என்பதற்கு மேல் அவர்களுக்கும் தெரியவில்லை. சனங்களைக் கொண்டுவந்து தங்கவைத்திருக்கும் பாடசாலையின் பொறுப்பாளர் ஒருவருடைய இலக்கம் இன்று மத்தியானம்தான் கிடைத்தது. களைத்துப்போன குரல். ஆளின் பெயரைக் கேட்டார். டீச்சர் என்றேன். அடையாள அட்டையில் என்ன பெயர் என்றார். நாவலின் அட்டையில் இருந்த புனைபெயரைச் சொன்னேன். அப்படி ஒருவர் இங்கே இல்லையே என்றார். செத்தவர்களின் பெயர் அத்தனையும் எனக்கு மனப்பாடம். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியவில்லை.

தோட்டத்தையும் லயத்தையும் சொன்னேன். காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"அந்த லயத்து ஆளுங்க யாரும் இன்னும் வந்து சேரலீங்க" என்றார்.

பல்கனியில் மழை தகரத்தின்மேல் அடித்துக்கொண்டிருந்தது. ஆணித் துளைகள் வழியாகத் தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் மறுமுனையில் பொறுமையாகக் காத்திருந்தார்.

"பின்னால வாராங்க" என்றேன்.