குழந்தைக்கு என்று சொன்ன போர்வை

திருகோணமலையில் கம்பளி நூல் சேர்த்து வைக்கிறவளை நாலு பேர் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். வெயில் காலத்தில் தார் உருகிச் செருப்பில் ஒட்டும் ஊர் இது. இங்கே கம்பளிப் போர்வை யாருக்கு? அம்மாவும் அதைத்தான் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். என் கட்டிலுக்குக் கீழே ஒரு றங்குப்பெட்டி நிறைய நூல் கிடந்தது. அறையைக் கூட்டும்போதெல்லாம் விளக்குமாறு அதில் இடிக்கும், அம்மாவுக்குக் கோபம் வரும்.

"உந்தக் குப்பையை என்ன செய்யப் போறாய் பிள்ளை? நான் செத்தால் எனக்குப் போர்த்தி அனுப்பப் போறியோ?"

குப்பை என்று சொன்னது மட்டும் சுடும். பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்த கன்னியாஸ்திரி ஒருவர்தான் எனக்குக் குரோஷே ஊசி பிடிக்கக் காட்டித் தந்தவர். நடுவில் ஒரு சிறிய வளையம், அதைச் சுற்றி மும்மூன்று தையலாகக் குத்துகள், நாலு மூலை திரும்பினால் ஒரு சதுரம். சுற்றுக்கு ஒரு நிறம் மாற்றலாம். கடைசிச் சுற்று கறுப்பாக இருக்க வேண்டும், அப்போதுதான் மற்ற நிறங்கள் எடுபடும் என்பார். ஒரு முழம் மிச்ச நூல் இருந்தாலும் அதற்கு ஒரு சுற்றில் இடம் உண்டு. அதனால்தான் என்னால் எந்த நூலையும் எறிய முடியாமல் போனது.

பிரதான வீதியில் இருந்த தையல் சாமான் கடை, சண்டை தொடங்கிய பிறகு நூல் எடுப்பதை நிறுத்திவிட்டது. பிறகு, வெளிநாட்டுப் பழைய உடுப்பு விற்கும் பேல் கடையில் சுவெற்றர் வாங்கிப் பிரித்தேன். பிரித்த நூல் சுருண்டு சுருண்டு நிற்கும். கழுவி, நுனியில் பாரம் கட்டித் தொங்கவிட்டால் நேராகும். எங்கள் ஒழுங்கையில் குவைத்துக்குப் போய் வந்த ஒருத்தி ஒரு பை நிறையப் புது நூல் தந்தாள். எல்லாம் குழந்தைப்பிள்ளை நிறங்கள். நான் நிறம் நிறமாகப் பிரித்துப் பால்மாப் பைகளில் போட்டுக் கட்டி வைத்தேன். ஓய்வு கிடைத்தால் ஒரு சதுரம் பின்னுவேன். போர்வையாக மட்டும் இணைத்ததில்லை. இணைப்பதற்கு ஒரு காரணம் வேண்டும், அது வரவில்லை.

காரணம் தொண்ணூறுகளின் நடுவில் வந்தது. ஒரு விடியற்காலை ஆமிக்காரர் எங்கள் பகுதியைச் சுற்றிவளைத்து, எல்லாரையும் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆண்களை வரிசையாக ஒரு ஜீப்புக்கு முன்னால் நடத்தினார்கள். ஜீப்புக்குள் முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவன் இருந்தான். தலையாட்டி. அவன் தலை அசைத்தால் அந்த ஆளை மறுபக்கம் இருத்துவார்கள். என் தம்பி நடந்தபோது அது அசைந்தது. சைக்கிள் திருத்துகிற கடையில் வேலை செய்த பொடியன், வாயில் எப்போதும் பாட்டு. எதைக் கண்டு ஆட்டினானோ, அந்தச் சாக்குக்குத்தான் வெளிச்சம்.

தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்கு அவனை அனுப்பிவிட்டார்கள். நானும் அம்மாவும் ஒரு தடவை போய்க் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றவனைப் பார்த்தோம். "அம்மா அழாதைங்கோ, விட்டிடுவினம்" என்றான். சிரிக்கவும் பார்த்தான். அதற்குப் பிறகு அம்மாவுக்குக் கால் வீங்கிப் பயணம் ஏலாமல் போனது. எனக்கு அலுவலகத்தில் லீவு கிடைக்கவில்லை.

மாரி தொடங்கிய பிறகு, அதே முகாமிலிருந்து விடுபட்டு வந்த உப்புவெளிக்காரர் ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். கதிரை நுனியில்தான் இருந்தார், தேத்தண்ணியைத் தொடவில்லை.

"தம்பிக்கு இழுப்புக் கூடிப் போச்சு. வெறும் சீமெந்துத் தரை. மழைக்குச் சாரல் உள்ளுக்கை அடிக்கும். நீங்கள் குடுத்த பெற்சீற் எந்த மூலைக்குக் காணும்? நல்ல தடிப்பா, கம்பளியா ஒண்டு குடுத்து விடுங்கோ."

தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. குளிர் பட்டால் நெஞ்சு விசிலடிக்கும், எழுந்து குந்திக்கொண்டு மூச்சுக்கு அலைவான். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு உப்புவெளிக்காரர் மேலே ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

அடுத்த நாளே கம்பளிப் போர்வை வாங்கப் போனேன். கடையில் இருந்தது கரும்பச்சை ஒன்றுதான். கடைக்கார முஸ்லிம் நானா அதை எடுத்துக் காட்டிவிட்டுத் தானே திரும்ப மடித்து வைத்தார்.

"இத விக்கிறது எனக்கு லாபந்தான் தங்கச்சி. ஆனா பச்சைய கொண்டு ஆமிச் சென்றி தாண்ட ஏலாது. காட்டுக்கு, இயக்கத்துக்கு அனுப்பப் போறீங்க எண்டு பிடிச்சிருவாங்க. வேணாம்."

வீட்டுக்கு வந்து றங்குப்பெட்டியை இழுத்து வெளியே எடுத்தேன். அம்மா இந்தத் தடவை குப்பை என்று சொல்லவில்லை. என் பக்கத்தில் நிலத்தில் இருந்து பைகளை அவிழ்த்தார்.

பின்னி வைத்திருந்த சதுரங்களை முதலில் பரப்பினோம். அத்தனைக்கும் கறுப்புக் கரை. உள்ளே சிவப்பும் மஞ்சளும் தாராளமாக இருந்தன, மலிவாகக் கிடைத்த நிறங்கள் அவை. மஞ்சள், சிவப்பு, கறுப்பு. இயக்கத்தின் கொடியை மடியில் வைத்துப் பின்னியிருக்கிறேன், இத்தனை வருடமும் எனக்கு அது தெரியவில்லை. இதைக் கொண்டு போயிருந்தால் தம்பிக்குப் பக்கத்திலேயே எனக்கும் பாய் போட்டிருப்பார்கள்.

அம்மா பிரிக்கத் தொடங்கினார். கறுப்பு ஒதுங்கியது. மஞ்சள், சிவப்பு ஒதுங்கின. பச்சை எல்லாம் ஒதுங்கியது. செம்மஞ்சளைக் கையில் வைத்து யோசித்தார், அதையும் போட்டார். மண்ணிறம், ஆமி உடுப்பு நிறம் என்று போட்டார். கருநீலத்தை எடுத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"அதுக்கென்னம்மா?"

"நேவி."

"நேவி நிறத்தைப் பார்த்து நேவிக்காரன் ஏன் கோபிக்கப் போறான்?"

"நேவி உடுப்பை அவிழ்த்துப் பின்னினது எண்டு சொல்லுவான். நீ சும்மா இரு."

சிரிப்பு வந்தது எனக்கு. அன்றைக்குச் சிரித்த கடைசிச் சிரிப்பு அது. ஒதுக்கிய நூலை எல்லாம் அம்மா வீட்டு வளவில் குவித்து எரித்தார். சில நூல் உருகி ஒழுகியது, சுத்தக் கம்பளியிலிருந்து மயிர் பொசுங்கிய மணம் அடித்தது. எத்தனையோ சுவெற்றர் பிரித்துச் சேர்த்தவை. நான் போய் நின்று பார்க்கவில்லை.

மிஞ்சியது குவைத்துக்காரி தந்த பைதான். வெள்ளை, இளஞ்சிவப்பு, வெளிர் நீலம், கொஞ்சம் வெண்ணெய் நிறம். மீசை வைத்த ஆம்பிளைக்கு அந்த நிறங்களில் போர்வை. வெளியே வந்தால் அவன் இதைச் சொல்லியே என் மானத்தை வாங்குவான் என்று நினைத்தேன். வாங்கட்டும் என்றும் நினைத்தேன்.

அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பின்னினேன். பஸ்ஸில் பின்னினேன். கல்யாணம் ஆகாத முப்பது வயதுக்காரி இளஞ்சிவப்பில் பின்னினால் கதை வராமல் இருக்குமா? முன்வீட்டு மாமி வேலியில் நின்று, "ஆருக்குப் பிள்ளை, ஆருக்கும் விசேஷமோ?" என்று இழுத்தார். வேறு நாளென்றால் நல்லாகக் கொடுத்திருப்பேன். அப்போது எனக்கு ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவும் நேரமில்லை.

துறைமுகத்துக்குள் யாரும் நீந்தி வந்து குண்டு வைக்காமல் இருக்க, நேவிக்காரர் தண்ணீருக்குள் வெடி போடுவார்கள். எந்த நேரம் என்றில்லை. அடியில் ஒரு முழக்கம், யன்னல் கண்ணாடி அதிரும், அலுமாரிக்குள் கோப்பை கிலுங்கும். ஊர் அதற்குப் பழகியிருந்தது. என் கை பழகவில்லை. ஒவ்வொரு அடிக்கும் நூலை இறுக்கிப் பிடித்துவிடும். சதுரங்களை அடுக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வெடி கூடிய நாட்களில் பின்னியவை எல்லாம் சிறியவை. இணைத்தால் போர்வை கோணலாக இழுபட்டது. சிறியவற்றுக்கு இன்னொரு சுற்றுப் போட்டுச் சமப்படுத்தினேன். அதிலேயே நூல் முடிந்தது.

விரித்துப் பார்த்தால் கழுத்திலிருந்து முழங்காலுக்குத்தான் வந்தது. அம்மா தடவிப் பார்த்துவிட்டு, "காணும். அவன் எப்பவும் சுருண்டுதானே படுப்பான்" என்றார்.

லீவு எடுத்துக்கொண்டு நான் தனியாகப் புறப்பட்டேன். ஊருக்கு வெளியே ஆமியின் சோதனைச் சென்றியில் எல்லாரையும் பஸ்ஸால் இறக்கி, வரிசையாக நடத்திச் சாமான் பார்த்தார்கள். எனக்கு முன்னால் நின்ற ஐயாவின் பையைத் தலைகீழாகக் கொட்டினார்கள். என் பையைத் திறந்தவன் சின்ன வயதுக்காரன், தம்பியின் வயதுதான் இருக்கும். போர்வையை இழுத்து எடுத்தான். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான், சில சதுரங்களை விரலால் அமர்த்திப் பார்த்தான். பிறகு முகம் மாறிச் சிரித்தான்.

"பபாட்டத?"

குழந்தைக்கா என்று கேட்கிறான். அலுவலகத்தில் பழகிய சிங்களம் எனக்கு அதற்குக் காணும். ஓம் என்று சொன்னேன். ஆணா பெண்ணா என்று கேட்டான். ஆண் என்றேன். எங்கே என்றான். தெற்கே ஆஸ்பத்திரியில், நெஞ்சில் இழுப்பு, குளிர் ஆகாது என்றேன். குழந்தையும் ஆஸ்பத்திரியும் மட்டும்தான் பொய். அவன் துவக்கை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, போர்வையை மூலைக்கு மூலை பிடித்து ஒழுங்காக மடித்துப் பைக்குள் வைத்தான். "சுகமாகும்" என்று அவனுடைய பாஷையில் சொன்னான். அடுத்து கந்தளாய்ச் சென்றியில் கேட்டார்கள், அதற்கப்பாலும் கேட்டார்கள். எல்லா இடத்திலும் குழந்தைக்கு என்றேன். எல்லா இடத்திலும் விட்டார்கள்.

முகாம் வாசலில் காலையிலிருந்து வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் தம்பியின் பெயரைச் சொன்னேன். யன்னலுக்குள் இருந்தவர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, அந்த ஆள் இங்கே இல்லை, விட்டாயிற்று என்றார். எப்போது என்றேன். போன மாதம் என்றார்.

"வீட்டுக்கு வரேல்லையே ஐயா."

"அதை வீட்டிலே போய்க் கேள்" என்றார், நல்ல தமிழில்.

போன மாதம் என்றால், நான் போர்வையைப் பாதி கூடப் பின்னியிருக்கவில்லை. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் போர்வையை யன்னலுக்குள் நீட்டினேன். ஆள் இல்லாமல் சாமான் எடுக்க முடியாது என்று திருப்பித் தள்ளினார். பின்னால் நின்றவர்கள் என்னை விலத்திக்கொண்டு முன்னுக்கு வந்தார்கள்.

திரும்பி வந்தபோது ஊர் எல்லையில் அதே சென்றி, அதே பொடியன். என்னை அடையாளம் கண்டு சிரித்துக்கொண்டே பையைத் திறந்தான். உள்ளே போர்வை அப்படியே இருந்தது. சிரிப்பு நின்றது. எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான், யாராவது குழந்தையை வைத்திருக்கிறார்களா என்று. யாரும் இல்லை.

"பபா?" என்றான், மெதுவாக.

தலையை மட்டும் ஆட்டினேன், இல்லை என்று.

"அனே" என்றான். ஐயோ பாவம் என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல். போர்வையை வெளியே எடுக்கவில்லை. அதன் மேல் உள்ளங்கையை ஒரு தடவை வைத்துவிட்டுப் பையை மூடி, இரண்டு கையாலும் என்னிடம் தந்தான். தலை குனிந்திருந்தது. வரிசையை நிற்பாட்டி என்னை முதலில் போகவிட்டான். எனக்கு அவன் மேல் ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது, அவன் உடுப்பின் மேல் அதைவிட. ஆனாலும் பஸ்ஸில் ஏறி இருந்ததும் அழத் தொடங்கிவிட்டேன். தம்பியைப் பிடித்த நாளிலிருந்து அதுவரை நான் அழுததில்லை.

வீட்டில் அம்மா வாசல் படலையிலேயே நின்றார். பையைத் தூக்கிப் பார்த்தார், கனம் குறையவில்லை.

"விட்டிட்டாங்களாம் அம்மா. போன மாதமே."

"விட்டிட்டாங்களெண்டால் வருவான்தானே" என்றார். போர்வையை எடுத்துப் போய்த் தம்பியின் கட்டிலில் விரித்தார். மாரி வந்தால் விரிப்பார், வெயில் வந்தால் காயப்போட்டு மடிப்பார். சாகும்வரைக்கும் அப்படித்தான் செய்தார். எத்தனையோ அலுவலகங்களுக்குப் போனோம், எத்தனையோ மேசைக்கு முன்னால் நின்றோம். அவன் இல்லை என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அதற்காக யாரும் வருந்தவும் இல்லை. அம்மாவுக்குக் கடைசிவரை அவன் வந்துகொண்டே இருந்தான். எனக்கு, சென்றியில் அந்தப் பொடியன் "அனே" என்றபோதே தம்பி செத்துப்போனான்.