தீப்பெட்டிக்குள் ஒரு டவுன் பஸ்

விருப்ப ஓய்வு வாங்கிய பிறகு, தொண்ணூறுகளின் கடைசியில், செங்கல்பட்டில் ஒரு தனியார் பள்ளியில் சித்திரம் படிக்கச் சேர்ந்தேன். கல்பாக்கத்தில் இருபத்தாறு வருஷம் குழாய்களையும் வால்வுகளையும் வரைந்தவன். கதைப் புத்தகங்களுக்குப் படம் போட வேண்டும் என்று ஆசை. வகுப்பில் பதினான்கு பேர். என்னைத் தவிர்த்தால் மூத்தவனுக்கு வயது இருபத்து மூன்று.

பக்கத்து மேசையில் படாளத்துப் பெண் ஒருத்தி. அப்பா லாரியில் மூட்டை ஏற்றி இறக்குபவர். அந்த வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிக்க வந்தவள் அவள் ஒருத்திதான்.

"இன்னா சார், பேப்பர எண்ணிக்கினே கீறீங்க. எப்போ வரைவீங்க?" என்பாள்.

எண்ணாவிட்டால் எனக்குக் கை ஓடாது. ஒன்று குறைந்துவிட்டதோ என்றே மனசு அடித்துக்கொள்ளும்.

அவளுக்கு வேறு அவசரம். கருங்குழியில் தாய்மாமன் மகன் காத்திருந்தான். பொங்கலுக்குள் படம் போடும் வேலை ஏதாவது கிடைத்தால் கல்யாணம் இரண்டு வருஷம் தள்ளிப்போகும், கிடைக்காவிட்டால் தை மாதமே தாலி என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

"ஒரே ஒரு புக்கு சார். என் படம் போட்டு ஒண்ணு வந்துட்டா எங்கம்மா வாயத் தொறக்காது."

ஐப்பசியில் ஆசிரியர் கடைசி வேலையைக் கொடுத்தார். பதிப்பகத்து மேசையில் கவர்கள் குவிந்து கிடக்கும், வெறும் படத்தை அனுப்பினால் அதோடு அதுவாகப் போய்விடும், கையால் ஒரு பொருள் செய்து அனுப்புங்கள், எடுத்தவருக்குத் தூக்கிப் போட மனசு வரக்கூடாது என்றார். அனுப்ப வேண்டிய பதிப்பகங்கள் பன்னிரண்டு. நான் கட்டுமரத்தின் பாகங்களை அட்டைகளில் வரைந்து நூலால் கட்டினேன். சுத்தமாக இருந்தது, அவ்வளவுதான்.

அவள் டீக்கடையில் காலித் தீப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்தாள். உள்தட்டை இழுத்தால் விசிறி மடிப்பாக ஒரு நீளக் காகிதம் வெளியே வரும். அது படாளத்திலிருந்து செங்கல்பட்டு வரும் டவுன் பஸ். மடிப்புக்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு ஒரு முகம். தூங்கி வழிகிறவர், முட்டைக்கூடைக்காரி, தலையை வெளியே நீட்டி வாந்தி எடுக்கும் பையன் என்று ஒன்பது பேர்.

"பன்னிரண்டு பெட்டிக்கு நூற்றெட்டு ஜன்னல்மா" என்றேன்.

"நூத்தியெட்டா? அர்ச்சனை சீட்டு வாங்கியாரட்டா சார்?"

மழை நாட்கள். மைதாப் பசை காயவே இல்லை. மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமே என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். அவள் பெட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு எதிரே இஸ்திரி வண்டிக்காரரிடம் போய், துணிக்கு நடுவில் வைத்துச் சூடு காட்டி வாங்கி வந்தாள். தபால் தலை போதுமா, பின்கோடு சரியா என்று பன்னிரண்டு உறைகளையும் நான் மூன்று முறை பார்த்தேன்.

கடைசி மடிப்பில் பெயரும் போன் நம்பரும் இருக்க வேண்டும். பெயர், சர்டிபிகேட்டில் உள்ளபடி முழுசாக. எல்லோருக்கும் ஆசிரியர் சொன்ன விதி அது. அவள் வீட்டில் போன் கிடையாது. ஊர் மளிகைக்கடை நம்பரைப் போட்டு, பக்கத்தில் பி.பி. என்று எழுதினாள். போன் வந்தால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவதாகக் கடைக்காரர் ஒப்புக்கொண்டிருந்தார்.

கார்த்திகை முழுக்கத் தினமும் கடையில் போய்க் கேட்டாள். வகுப்புக்கு வந்ததும் நான் முகத்தைப் பார்ப்பேன். "வரல சார்" என்பாள். மார்கழியில் நான் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன். தையில் கல்யாணம். வகுப்பிலிருந்து ஆறு பேர் போனோம். "சார், பந்தியில எல எண்ணாம சாப்புடுங்க" என்றாள். சிரிக்க முயன்றேன்.

ஆடியில் எனக்கு ஒரு பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. சிறுவர் அறிவியல் புத்தகத்துக்கு நாலு படம் வேண்டுமாம். சென்னைக்குப் போனேன். பதிப்பாசிரியை மேசையில் அவளுடைய தீப்பெட்டி இருந்தது. நான் பார்ப்பதைக் கவனித்து அந்த அம்மா அதை இழுத்துக் காட்டினார்.

"இந்தப் பொண்ணுக்கு ரெண்டு தடவை போன் பண்ணோம் சார். அப்படி ஒருத்தரும் இல்லன்னு வச்சுட்டாங்க. கிராமத்துக் கதை ஒண்ணு, இவளுக்குன்னே வச்சிருந்தோம். அப்புறம் வேற ஆளுக்குக் குடுத்துட்டோம்."

அச்சாகி வந்திருந்த அந்தப் புத்தகத்தையும் கையில் கொடுத்தார். பதினாறு பக்கம். புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன்.

திரும்பும்போது செங்கல்பட்டில் இறங்காமல் படாளம் வரை டிக்கெட் எடுத்தேன். கடைக்காரர் சோப்பு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆமா சார், மெட்ராஸ்லேர்ந்து ஒரு அம்மா கேட்டாங்க. ஏதோ பெரிய பேரா சொன்னாங்க. நம்ம ஊர்ல அப்டி யாரு கீறாங்க?"

அவள் யார் வீட்டுப் பெண் என்று சொன்னேன்.

"லோடுமேன் வூட்டு பாப்பாவா? அதுக்கு அவ்ளோ நீளமா பேரு கீதா?" கையிலிருந்த சோப்பை அடுக்கில் வைக்காமல் நின்றார். "தெனம் வந்து கேக்குமே சார். உனக்கு ஒண்ணும் வர்ல பாப்பான்னு நாந்தான் சொல்லி அனுப்புனேன்."

அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. பிறந்ததிலிருந்து அந்த ஊருக்கு அவள் பாப்பாதான். அடுத்த பஸ் பிடித்துக் கருங்குழிக்குப் போனேன். சொல்ல வேண்டுமா என்று வழியெல்லாம் குழம்பினேன்.

வாசலில் தோசைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தவள் எழுந்து நாற்காலி போட்டாள். நான் நடந்ததைச் சொல்லி முடிக்கும் வரை கையில் ஒட்டியிருந்த அரிசியை ஒவ்வொன்றாக எடுத்துக் குண்டானில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் புக்கு வந்துடுச்சா சார்?"

"வந்துவிட்டது."

"படம்லாம் எப்டி கீது?"

"சுமார்தான்மா."

"பொய் சொல்லாதீங்க சார்."

"நன்றாகத்தான் இருக்கிறது" என்றேன்.

"மொதல் பக்கத்துல இன்னா போட்டுக்கீறாங்க? சொல்லுங்க."

சொன்னேன். அடுத்தது என்றாள். அதையும் சொன்னேன். பதினாறில் எனக்கு ஞாபகம் இருந்தவை பதினொன்று.