வானத்தைப் பார்த்த நம்பர் பிளேட்

பல் செட் செய்து கிளினிக்குகளுக்கு அனுப்பும் ஒரு லேபில் அந்த மனிதர் வண்டியோட்டி. அங்கே யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; பம்பரம் என்றுதான் கூப்பிட்டார்கள். அச்சு காய்வதற்குள் "ஆச்சா, ஆச்சா" என்று வந்து நிற்பார். தேநீரை ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஊற்றிக்கொள்வார். எந்நேரமும் வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்ட மாதிரிதான். ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் கையில் ஒரு பல்லும் உடைந்ததில்லை, ஒரு நோயாளியும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்ததில்லை.

அவர் மனைவி துணிக்கடையில் அளவு திருத்தித் தைப்பவள். நிதானமே உருவானவள். தினமும் காலையில் அவளைக் கடையில் இறக்கிவிட்டு லேபுக்குப் போவதாக ஏற்பாடு. ஏற்பாடு என்னவோ உண்டு. பாதி நாள் நடக்காது. அன்றும் அவள் கதவைப் பூட்டிக்கொண்டே, "வாசல்லயே இருங்க, இதோ வந்துட்டேன்" என்றாள். பூட்டு கொஞ்சம் முரண்டு பிடித்தது. அவள் திரும்பிப் பார்த்தபோது வாசலில் புகை மட்டும்தான் இருந்தது.

அடுத்த முக்கிலேயே போக்குவரத்துக் காவலர் கை காட்டினார்.

குற்றம் நம்பர் பிளேட்டில். பழைய மட்கார்டு உடைந்தபோது பம்பரமே பிளேட்டைக் கழற்றி, பல் பெட்டியைத் தாங்கும் கம்பியில் மாட்டியிருந்தார். மேல் போல்ட்டில் இரண்டு வாஷர் போட்டால் நிமிர்ந்து நின்றிருக்கும். வாஷர் தேட யாருக்குப் பொறுமை? அப்படியே முடுக்கிவிட்டார். பிளேட் லேசாக வானத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டது. இவ்வளவு சாய்வுக்கு மேல் கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது. ஏற்கெனவே இரண்டு தடவை பிடிபட்டு, வாதாட நேரமில்லாமல் அபராதத்தைக் கட்டிவிட்டு ஓடியிருந்தார். இது மூன்றாவது. நிரூபணமானால் ஆறு மாதம் லைசென்ஸ் இல்லை.

லேப் முதலாளி நல்லவர்தான். லைசென்ஸ் போனாலும் வேலையை விட்டு அனுப்ப மாட்டேன், உள்ளே மேஜையில் உட்கார்ந்து பல்லுக்குப் பாலிஷ் போடலாம் என்றார். வேறு யாராவது இருந்தால் நன்றி சொல்லியிருப்பார்கள். பம்பரத்துக்கு அது சிறைத்தண்டனையாகப் பட்டது. ஆறு மாதம், ஒரே ஸ்டூலில்!

அன்று மாலை வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தவருக்கு ஒன்று பிடிபட்டது. காவலர் அளந்தது வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு. பின்சக்கரம் மேலே எழும்பினால் பிளேட் இன்னும் மல்லாந்துவிடும். ஆள் ஏறி உட்கார்ந்தால் ஷாக் அப்சார்பர் அமுங்கி, பின்பக்கம் இறங்கி, பிளேட் நிமிரும். சட்டமோ "ஓட்டும் நிலையில்" என்றுதான் சொல்கிறது. மனைவியைக் கூப்பிட்டு, பிள்ளையின் பழைய கோணமானியைப் பிடிக்கச் சொல்லி, தான் ஏறி உட்கார்ந்தார். சாய்வு மயிரிழையில் சட்டத்துக்குள் இருந்தது.

அவ்வளவுதான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று கிளம்பிவிட்டார். அபராதத்தைக் கட்டிவிடுங்கள், ஆறு மாதத்தில் லைசென்ஸ் திரும்பி வரும் என்று ஒரு வக்கீல் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. வழக்கைத் தானே நடத்தினார். அதோடு இன்னொரு காரியமும் செய்தார். வண்டி இப்போது சாட்சி, ஓட்டினால் குலுங்கிக் கோணம் மாறிவிடும் என்று போர்வை போட்டு மூடி வைத்தார். பல் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸிலும் நடையிலுமாகக் கிளினிக் கிளினிக்காக அலைந்தார்.

வாய்தா மேல் வாய்தா. ஒவ்வொரு தடவையும் நீதிமன்ற வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து தேய்ந்தார். சோற்றில் கை வைத்தபடி வாதத்தைச் சொல்லிப் பார்ப்பார். பாதியில் எழுந்து போய்ப் போர்வையைத் தூக்கிப் பிளேட்டைப் பார்த்துவிட்டு வருவார். திரும்பி வந்ததும் பசிக்கவில்லை என்பார். பதறாத காரியம் சிதறாது என்று அவள் ஒரு தரம் சொன்னாள். அப்புறம் சொல்லவில்லை. அவர் பேன்ட்டைப் பிரித்து இடுப்பைச் சுருக்கித் தைத்தாள். கொஞ்ச நாளில் மறுபடி பிரித்து, இன்னும் சுருக்கினாள். உள்ளுக்குள் அவளுக்குப் பயமாகவே இருந்தது.

கடைசியில் நீதிபதி, வாசலிலேயே அளந்து பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். அந்த நாளில் பம்பரம் வண்டியை உருட்டிக்கொண்டே போய் நீதிமன்ற வாசலில் நிறுத்தினார். கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவளும் கூட வந்தாள். அதே காவலர் கோணம் பார்க்கும் கருவியோடு குனிந்தார். பம்பரம் ஏறி உட்கார்ந்தார். ஜெயித்த முகம்.

காவலர் ஒரு தரம் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். சங்கடமாக நிமிர்ந்தார்.

"கொஞ்சம் கூடுதலாத்தாங்க ஐயா காட்டுது."

பம்பரத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்பிரிங் மாறவில்லை, போல்ட்டைத் தொடவில்லை, காற்றுகூட அதே அளவு. மாறியது எது என்று அவளுக்குத்தான் தெரிந்தது. இரண்டு தரம் பிரித்துத் தைத்தவள் அவள்தானே. நடந்தே கரைந்து, கவலையில் பட்டினி கிடந்து, ஆள் துரும்பாகியிருந்தார். அந்தப் பழைய உடம்பு இருந்திருந்தால் ஷாக் அப்சார்பர் இன்னும் ஒரு நூல் இறங்கியிருக்கும். காவலரும் நேர்மையானவர்; அன்றைக்கு இவர் நல்ல பூசினாற்போல இருந்தார் என்று கேட்காமலே சொன்னார். நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு, இருக்கிற ஆளை வைத்துத்தான் அளக்க முடியும் என்றார்.

அப்போது அவள் யாரிடமும் கேட்காமல் வந்து பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி அமுங்கியது. காவலர் குனிந்து பார்த்தார். "இப்ப சரியா இருக்குங்க" என்றார். அவர் குரலில் நிம்மதி தெரிந்தது.

நீதிபதி இருவரையும் பார்த்தார். "அன்னைக்கு இவங்க வண்டியில இருந்தாங்களா?"

காவலர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறக்கப் போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆமாம் என்று ஒரு சொல் போதும், ஸ்டூல் இல்லை, பாலிஷ் இல்லை, நாளைக் காலையே ரோடு. பம்பரத்தின் விரல்கள் ஹேண்டில்பாரில் தாளம் போட்டன. முதுகுக்குப் பின்னால் அவள் மூச்சு விடுவது கேட்டது. அன்று பூட்டோடு மல்லுக்கட்டிவிட்டு, திரும்பி, வெறும் வாசலைப் பார்த்தவளும் அவள்தான். அது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் இருக்கச் சொன்னதை அன்றே கேட்டிருக்க வேண்டியது, கேட்கவில்லை.

"இல்லைங்க ஐயா. இருங்கன்னுதான் சொன்னா. நான் நிக்கல."

லைசென்ஸ் ஆறு மாதத்துக்குப் போயிற்று. பிளேட்டைச் சரிசெய்த பிறகுதான் வண்டி வெளியே போகலாம் என்றார்கள். காவலர் எங்கிருந்தோ ஸ்பேனரும் இரண்டு வாஷரும் கொண்டுவந்து கொடுத்தார். பல் தேய்க்கிற நேரம்கூட ஆகவில்லை. பிளேட் நிமிர்ந்து நின்றது. இத்தனை மாத அலைச்சலும் இந்த இரண்டு வாஷருக்குத்தானா என்று அவருக்கு அழுகை வந்தது. அழவும் நேரமில்லாதவர் போல வண்டியைத் தள்ள ஆரம்பித்தார். அவள் பின்னாலிருந்து ஒரு கை கொடுத்தாள்.

தெரு முனை தாண்டும்போது, "இருங்க, செருப்பு வார் கழண்டுபோச்சு" என்றாள்.

அவர் நின்றார். அவள் செருப்பைக் கழற்றினாள், தட்டினாள், வாரை இழுத்துப் பார்த்தாள், மறுபடி தட்டினாள். வாருக்கு ஒன்றுமில்லை, அது அவருக்கும் தெரிந்தது. வண்டியைப் பிடித்தபடி, ஒரு காலால் தரையைத் தட்டிக்கொண்டே, அவள் மாட்டி முடிக்கும்வரை நின்றார்.