பின்கழுத்தில் ஒரு சுருள்

என் மகளின் பின்கழுத்தில் மூன்று நாட்களாக ஒரே ஒரு சுருள் தொங்கிக்கொண்டிருக்கிறது. மற்ற முடியெல்லாம் பிறந்ததிலிருந்து இருப்பதுபோல் நேராகத்தான் இருக்கிறது. அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு கொத்து மட்டும் ஸ்பிரிங் மாதிரி சுருண்டுகொண்டு நிற்கிறது. அடுத்த வாரம் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேரப் போகிறாள். போவதற்குள் தலை முழுக்கப் பெர்ம் பண்ணிச் சுருட்டிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பார்லர்க்காரப் பெண் விவரமானவள். "மொதல்ல அடியில ஒரு கொத்துக்கு மட்டும் போட்டுவிடுறேன். வச்சிருந்து பாருங்க, புடிச்சா முழுசாப் பண்ணிக்கலாம்" என்று மருந்து தடவி அனுப்பிவிட்டாள்.

அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்கு வாசனை வந்துவிட்டது. வாசனை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அழுகிய முட்டையைப் பினாயிலில் போட்டு மூடி வைத்ததுபோல் இருந்தது. இருபது வருடத்தில் உலகத்தில் என்னென்னவோ மாறிவிட்டது, இந்த மருந்தின் நாற்றத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை. "என்னம்மா மூஞ்சி இப்படிப் போவுது?" என்று மகள் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் நம்பவில்லை. எதையும் நம்பாத குணம் அவளுக்கு என் அம்மாவிடமிருந்து வந்தது.

என் அம்மாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதிக் கதை உங்களுக்குப் பிடிபடாது. திருவேட்டக்குடியிலிருந்து கூடை தூக்கி வருகிற மீன்காரம்மா எங்கள் தெருமுனையில் திரும்பும்போதே, "அந்தோணியாரே, இந்த வீட்ட மட்டும் எனக்குக் காட்டாதே" என்று வேண்டிக்கொண்டுதான் வருவாராம். அம்மா ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். கண்ணைப் பார்ப்பாள். வயிற்றை அமுக்குவாள். கடைசியில், "நேத்துப் புடிச்சதுதானே இது?" என்பாள். "இப்பத்தாங்க கரைக்கு வந்துச்சு, இன்னும் துடிக்கிது பாருங்க" என்று அவர் சொன்னால், "நீ ஆட்டுற, அது துடிக்கிது" என்பாள். பாலில் தண்ணீர், துணியில் சாயம், டாக்டர் எழுதும் மருந்து, எல்லாவற்றிலும் சந்தேகம். அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு பெண்பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாக இருந்தவள், ஊரை அப்படித்தான் பார்த்திருப்பாள் என்று இப்போது புரிகிறது. அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

எனக்கு முதல் வேலை பாரதியார் வீதியில் ஒரு ஐ.எஸ்.டி. பூத்தில். கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை, உள்ளே சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், வெளியே ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் நான். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன எங்கள் ஊரில் வீட்டுக்கொருவர் இல்லாவிட்டாலும் தெருவுக்கு நாலு பேராவது பிரான்சில் இருப்பார்கள். சாயங்காலமானால் பூத் வாசலில் கூட்டம் நிற்கும். கண்ணாடிக்கு வெளியே கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற பெண்கள் உள்ளே போய், "இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று சிரித்துப் பேசிவிட்டு, மறுபடி கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வருவார்கள். போனில் யார் என்ன சொன்னாலும் பாதிதான் நம்ப வேண்டும் என்பதை அந்த மேஜையில்தான் படித்தேன். அப்படியும் எனக்கு அந்த ஊருக்குப் போக வேண்டும் என்று வெறி. பனி பார்க்க வேண்டும், ரயிலில் வேலைக்குப் போக வேண்டும், அம்மா செவுளைத் தூக்கிப் பார்க்காத மீன் ஒன்றைச் சாப்பிட வேண்டும். சிரிக்காதீர்கள், அந்த வயசில் சுதந்திரம் என்றால் அதுதான்.

அந்த நேரத்தில்தான் ஒரு பிரான்ஸ் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பிறந்ததே அங்கேதான். ஊரில் இருந்த அவர்கள் உறவுக்காரர் ஒருவர் என் போட்டோ கேட்டார். அம்மா பெட்டியைக் கிளறி, இருப்பதிலேயே நான் அழகாக இருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். வம்பு அங்கே ஆரம்பித்தது. அது ஒரு கல்யாணத்துக்காக எடுத்த படம். அதற்கு முந்தின நாள் தலைக்குக் குளித்து, ஈரத்தோடு எலிவால் எலிவாலாகப் பதினைந்து இருபது சடை பின்னிக்கொண்டு தூங்கி, காலையில் அவிழ்த்து விட்டிருந்தேன். படத்தில் முடி அலை அலையாகச் சுருண்டு தோளில் கிடக்கும். மறுநாள் குளித்ததும் பழையபடி தென்னங்கீற்று. ஆனால் படம் மறுநாள் குளிக்காது அல்லவா?

ஒருநாள் பூத்துக்கே மாப்பிள்ளையின் போன் வந்தது. தமிழை ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துப் பேசினார். குரல் நன்றாக இருந்தது. என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கடைசியில், "உங்க சுருட்டை முடி எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றார். நான் சொல்லியிருக்க வேண்டும். "தேங்க்ஸ்" என்றேன். வைத்த பிறகு மீட்டரைப் பார்த்தேன், உள்ளே வந்த போனுக்கு மீட்டர் ஓடாது என்பதுகூட அப்போது மறந்துபோயிருந்தது.

அடுத்த மாதம் மாப்பிள்ளையின் அத்தை ஊருக்கு வருகிறார், வந்து பெண் பார்ப்பார் என்று தகவல் வந்தது. எங்கள் ஊரில் பிரான்ஸ் சம்பந்தம் என்றால் போட்டோவும் ஆளும் ஒத்துப்போக வேண்டும், அது மற்ற ஊர்களில் போல் வெறும் அழகு சமாச்சாரம் இல்லை. அக்காவின் பாஸ்போர்ட் பேப்பரில் தங்கை போனாள், இவள் படத்தில் அவள் போனாள் என்று ஊருக்குள் ஆயிரம் கதை உலவும். உண்மையா பொய்யா தெரியாது. ஆனால் அங்கிருந்து வருகிறவர்கள் அந்தக் கதைகளைக் காதில் வாங்கிக்கொண்டுதான் வருவார்கள்.

"பெர்ம் பண்ணிக்கிறேன்மா" என்றேன்.

"நேரா இருக்குறத எதுக்குச் சுருட்டணும்? ஒரு பொய்க்கு மேல இன்னொரு பொய்யா?"

"நாம பொய்யே சொல்லலியேம்மா. அவங்களா நெனச்சிக்கிட்டாங்க."

"சரி, இங்க சுருட்டிட்ட. அங்க போயி வளருமே, அப்ப யாரு சுருட்டுவா?"

அது நல்ல கேள்விதான். இருந்தாலும் அம்மாவை இழுத்துக்கொண்டு மாதா கோவில் வீதிக்குப் பக்கத்தில் பார்லர் வைத்திருந்த ரோஸ்லின் அக்காவிடம் போனேன். அம்மா அந்த மருந்துப் பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோய், "ரோஸ்லின், இத மொதல்ல உன் தலையில போட்டுக் காட்டு" என்றாள். ரோஸ்லின் அக்கா சிரித்துவிட்டு, என் பின்கழுத்தில் ஒரு கொத்தைப் பிரித்துக் குச்சியில் சுற்றி மருந்து தடவினாள். "ஒத்துக்குதான்னு பாருங்க. இது ஒண்ணு எப்படி வருதோ அப்படித்தான் தலை முழுக்க வரும்."

வந்தது. நன்றாகத்தான் சுருண்டது. வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துப் பார்த்தேன். யாரோ ஒருத்தியின் முடியை என் கழுத்தில் ஒட்டிவிட்டதுபோல் இருந்தது. கட்டிக்கொள்ளப் போகிறவரைக் காலமெல்லாம் ஆறு மாதத்துக்கொரு தடவை ஏமாற்ற என்னால் முடியாது என்று தோன்றியது. வேண்டாம், உள்ளபடியே நிற்போம், ஈரச் சடை போட்ட கதையைச் சொல்லிவிடுவோம், பிடித்தால் கூட்டிக்கொண்டு போகட்டும் என்று முடிவு செய்தேன். அப்படியும் போவேன் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. அந்தக் குரல் அப்படி.

அத்தை வரும் காலையில் அம்மாதான் எனக்குத் தலை பின்னினாள். "அந்தச் சுருளை வெட்டி விட்டுடும்மா" என்றேன். மேஜையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். நறுக்கென்று சத்தம் கேட்டது. "வெட்டிட்டேன், திரும்பாதே" என்று பின்னலை இறுக்கினாள்.

அத்தை நல்ல மனுஷிதான், குறை சொல்ல மாட்டேன். சென்ட் வாசனையோடு வந்தார். சாக்லேட் கொடுத்தார். காபியை வாயில் வைத்ததும் "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். பிறகு கைப்பையிலிருந்து என் படத்தை எடுத்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். நானே ஈரச் சடைக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "நானும் சின்ன வயசுல அப்படிப் பின்னிக்கிட்டுத் தூங்கியிருக்கேன்" என்றார். எனக்கு உயிர் வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிற பெரிய மனுஷிகள் சவுரி முடி வைத்துப் பின்னியிருக்கிறாளா என்று பின்னலைத் தொட்டுப் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டார்கள். எத்தனை வருஷம் பாரிசில் இருந்தாலும் அந்தப் பழக்கம் போகாது போலிருக்கிறது. "இப்படித் திரும்பும்மா" என்று பின்னலைப் பாதி அவிழ்த்தார். விரல் நின்றது.

"இது என்னா?"

அந்தக் கொத்து அப்படியே இருந்தது. முழுசாக, ஒரு முடி குறையாமல்.

நான் பார்லர், மருந்து, சோதனை என்று உளறினேன். உண்மையைத்தான் சொன்னேன், ஆனால் எனக்கே அது பொய்யாகக் கேட்டது. "சுருட்டை முடிய நெட்டா இழுத்து விடுறது எங்க ஊருல தெருவுக்குத் தெரு பண்றாங்க. அடியில கொஞ்சம் விட்டுப்போச்சு, அப்படித்தானே? அப்புறம் எதுக்கு எங்கிட்ட ஈரச் சடைக் கதை?" என்றார் அத்தை. "இல்லேன்னா படத்துல இருக்குறது வேற பொண்ணு. நாளைக்கிக் கோன்சுலாவுல படத்த வச்சிக்கிட்டுக் கேட்டா நான் என்னா சொல்றது?" தூதரகத்தை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இருந்தது நேர் முடி. அதைச் சுருட்டை என்று நம்பித் தேடி வந்தவர், கடைசியில் என் நேர் முடியைத்தான் பொய் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதில் எனக்கு இன்றுவரை உறுத்துவது ஒன்று உண்டு. மீன்காரம்மாவோடு அரை மணி நேரம் மல்லுக்கு நிற்கிற என் அம்மா, அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. "எம் பொண்ணு பொய் சொல்ல மாட்டா" என்று சொல்லவில்லை. ரோஸ்லினைக் கூப்பிட்டு விசாரியுங்கள் என்று சொல்லவில்லை. காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அத்தை போன பிறகு, "அவசரத்துல வேற எதையோ வெட்டிட்டேன் போலருக்கு" என்றாள். மதியத்துக்கு எனக்குப் பிடித்த வஞ்சிரம் வறுத்திருந்தாள். வஞ்சிரம் அத்தை வருவதற்கு முன்பே, காலையிலேயே வாங்கி மசாலா தடவி வைத்தது.

போன் மறுபடி வரவில்லை. பூத் மேஜையில் உட்கார்ந்து மணி அடிக்கும்போதெல்லாம் பாய்ந்து எடுத்தேன். பிறகு அதுவும் விட்டுப்போனது. கோவில்பத்தில் மின்துறைக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டேன். நல்லவர், என் முடி எப்படி இருக்கிறது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார். அம்மா கடைசிவரை எங்களோடுதான் இருந்தாள். ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும், வேண்டுமென்றேதான் வெட்டாமல் விட்டாயா என்று நான் அவளிடம் கேட்கவில்லை. பலமுறை நாக்கு நுனிவரை வந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்ற பயம். இல்லை என்று சொன்னால் நம்புவேனா என்பது அதைவிடப் பெரிய பயம். அந்த பூத் இப்போது செல்போன் கவர் விற்கும் கடை. ரோஸ்லின் அக்கா மகளோடு சென்னைக்குப் போய்விட்டாள். போன வருஷம் அம்மாவும் போய்விட்டாள்.

இன்று காலை மகள் குளித்துவிட்டு வந்து என் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "பெர்ம் வேணாம்மா. இது நான் மாதிரியே இல்ல. வெட்டி விட்டுடு." கத்தரிக்கோலை எடுத்துவந்து, முடிக்குள் கையை விட்டேன். தேட வேண்டிய வேலையே இல்லை. அவ்வளவு நேரான முடிக்கு நடுவில் அந்த ஒரு கொத்து விரலில் தானாக வந்து மாட்டிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கையை விட்டுப் பார்த்தேன். மறுபடியும் அதுதான் முதலில் மாட்டியது. பிறந்ததிலிருந்து என் தலையைப் பின்னிய கை, அன்று என் சுருளைத் தவறவிட்டிருக்க முடியாது.

கோபம் வந்தது. இவ்வளவு நாள் கழித்து, இல்லாத ஒருத்தியின்மேல் என்ன கோபம்? ஆனால் வந்தது. கூடவே, தன் ஒரே பிள்ளை அடுத்த வாரம் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறப் போகிறாள் என்றால் கத்தரிக்கோல் எவ்வளவு கனக்கும் என்பதும் தெரிந்தது. கொத்தை அடியோடு பிடித்து வெட்டினேன்.

"வெட்டிட்டேன்" என்றேன்.

"எங்கே, காட்டு."

திரும்பி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு வார்த்தையை அன்று நான் என் அம்மாவிடம் சொல்லவில்லை. உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்படக் கற்றுக்கொடுத்தவளை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை. இனிச் சொல்லவும் ஆளில்லை.

கையைத் திறந்து மகளிடம் காட்டினேன்.